ஞாயிறு நாலு மணியிலிருந்து ஐந்து வரை

மே 27, செவ்வாய்

திருமேனி இன்று கேட்டே விட்டான். நகராட்சி நூலகத்தில், எனக்கு எதிரே உட்கார்ந்து, போட்டித் தேர்வு வழிகாட்டி ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. பன்னிரண்டாம் வகுப்பு டியூஷனிலிருந்து தெரிந்தவன். விஷயம் இரண்டு பேருக்கும் அப்போதிருந்தே தெரியும். யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில்தான் மூன்று வருடம் போனது.

இப்போது திறந்ததற்குக் காரணம் இருக்கிறது. அசாமில் எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்க இடம் கிடைத்துவிட்டது. ஜூலை 20-ஆம் தேதி ரயில். இரண்டு வருடம்.

"நான் கெளம்புறதுக்குள்ள சொல்லிரு காளி. சரின்னா சரி. வேண்டாம்னா இப்பவே வேண்டாம். அங்க போய் உக்காந்துக்கிட்டு, இருக்கா இல்லையான்னு தெரியாம என்னால படிக்க முடியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எத்தனை நாள் என்றான். ரயில் ஏறும்வரை நேரம் கொடுத்தது நீதானே என்றேன். புத்தகத்தை நேராகப் பிடிக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் வெங்காயம் வாங்க மறந்துவிட்டேன். அம்மா முறைத்தாள்.

மே 28, புதன்

யோசிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதை அவனிடம் இன்று சொன்னேன்.

என் நர்சிங் கல்லூரி விடுதியில் போன் வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஞாயிறு மாலை நாலிலிருந்து ஐந்து. மற்ற நேரமெல்லாம் அது பெயர் எழுதிய உறைக்குள், உறை பீரோவுக்குள், பீரோ சாவி வார்டன் தனபாக்கியம் மேடத்தின் இடுப்பில். ஊருக்கு வர விடுவது தீபாவளி, பொங்கல், மே மாதம். ஆக, இந்த உலகத்தோடு எனக்கு இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதுவும் அம்மாவுடையது.

அம்மாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போனதில்லை. எழுதத் தெரிந்தது கையெழுத்து மட்டும். அவள் கையால் பேசுவதை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரமாட்டார்கள். நான் தவழ்ந்த காலத்திலிருந்து அவளும் நானும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டது. கறி வெட்டுவதுபோல் காட்டினால் ஞாயிற்றுக்கிழமை. மீசையை முறுக்கினால் அப்பா. தாடையில் மச்சம் இருக்கும் இடத்தைத் தொட்டால் நான். அப்பாவுக்கு அதில் ஆறு வார்த்தை தெரியும்: சோறு, தண்ணி, சாவி, துட்டு, வா, போ. இருபத்திரண்டு வருடக் குடித்தனம் அந்த ஆறில் ஓடுகிறது. அவள் வேலை பார்க்கும் நைட்டி தைக்கிற கம்பெனியில் அதுவும் இல்லை, துணியைக் காட்டுவார்கள், தைப்பாள். ஒரு முழுப் பேச்சை அவள் பேசக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். நான் விடுதிக்குப் போனதிலிருந்து அவள் வாரத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறாள்.

திருமேனி உடனே கணக்குப் போட்டான். "அரை மணி நேரம் அம்மாவுக்கு, அரை மணி நேரம் எனக்கு. ஆகாதா?"

"ஆகாது. ஹாலுக்குள்ளதான் பேசணும். மேடம் நடுவுல சேர் போட்டு உக்காந்திருக்கும். அதுக்குக் காது ரெண்டு இல்ல, எட்டு."

"நீயும் அம்மாவும் பேசுறது அதுக்குக் கேக்குமா?"

"கேக்காது. வீடியோ கால்ல கையாலதான பேசுறோம்."

"அப்ப எனக்கும் அதைச் சொல்லிக்குடு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நூலகத்தில் பேசக் கூடாது என்று போர்டு வேறு வைத்திருக்கிறார்கள்.

மே 31, சனி

நாலு நாளில் தொண்ணூறு வார்த்தை படித்துவிட்டான். செடிப் பெயர்களை லத்தீனில் மனப்பாடம் செய்தவனுக்கு இது எம்மாத்திரம். நூலகர் எங்களை இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். சத்தம் வராததால் என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் போய்விட்டார்.

இன்று ஒரு வார்த்தை கேட்டான். "'தேடுது'ங்கறதுக்கு என்ன? உன்னத் தேடுதுன்னு சொல்லணும்னா?"

அதற்கு எங்களிடம் வார்த்தை இல்லை. அம்மாவும் நானும் பிரிந்து இருந்ததே இல்லை, பின்னே எதற்கு அந்த வார்த்தை? விடுதிக்குப் போன பிறகாவது உண்டாக்கியிருக்கலாம். தோன்றவில்லை. அவனும் நானும் சேர்ந்து ஒன்று செய்தோம். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து இரண்டு தடவை மெல்லச் சுரண்டுவது. நன்றாக வந்தது. அம்மாவுக்கும் சொல்லித் தரலாம் என்று நினைத்தேன். இது எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். வேண்டாம்.

ஜூன் 1, ஞாயிறு

விடுதிக்கு வந்தாயிற்று. இந்த வருடமும் ஜெபமலர்தான் அறைத் தோழி. ஊரிலிருந்து ஒரு டப்பா நிறைய கருவாட்டுப் பொடி கொண்டுவந்திருக்கிறாள், அறையே மணக்கிறது. போனை உறையில் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 5, வியாழன்

மருத்துவ வார்டு போஸ்டிங். பக்கவாதம் வந்த பாட்டையா ஒருவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைத்தோம். முதுகு எனக்குப் பிடித்துக்கொண்டது.

ஜூன் 8, ஞாயிறு

அம்மா, 60 நிமிடம். மேலாளருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் நடந்த சண்டையை முழுக்க நடித்துக் காட்டினாள். சத்தம் கேட்காத ஒருத்தி, யார் யாரைக் கெட்ட வார்த்தை சொன்னான் என்பதை வாயசைவை வைத்தே பிடித்துவிடுகிறாள். நான் சிரித்ததில் ஹாலே திரும்பிப் பார்த்தது.

திருமேனிக்கு ஒரு செய்தி மட்டும்: அடுத்த வாரம் முயன்று பார்க்கலாம். முயன்று பார்ப்பதென்றால் சரி என்று அர்த்தமில்லை, அதையும் சேர்த்தே எழுதினேன்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா 45, அவன் 15.

நன்றாகத்தான் போனது. அவன் விரல் இன்னும் கொஞ்சம் தடிமனாகப் பேசுகிறது, குழந்தை மழலை பேசுவதுபோல. 'படிச்சியா' என்பதற்குப் பதிலாக 'துவைச்சியா' என்றான். ஆமாம், இரண்டு நைட்டி என்றேன்.

தனபாக்கியம் மேடம் பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

"இது யாரு? அம்மா இல்லையே?"

"சொந்தக்காரவங்க மேடம். அம்மா வழி." வாய் அங்கே நின்றிருக்கலாம். "அவங்களுக்கும் காது கேக்காது."

மேடத்தின் முகம் இளகிவிட்டது. "அடப் பாவமே. இந்த வயசுப் பையனுக்கா? பேசு, பேசு" என்று என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜெபா அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் சிரித்தாள். "ஏண்டி, நல்லா இருக்கிற பையனச் செவிடாக்கிட்டியே. இன்னும் கொஞ்ச நாள் போனா காலையும் ஒடிச்சிருவ."

ஜூன் 22, ஞாயிறு

அம்மா 35. சிக்னல் சரியில்லை. அவன் 25.

ஜூன் 24, செவ்வாய்

சிக்னல் சரியாகத்தான் இருந்தது. ஜெபா என் பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் அக்கா குழந்தையின் காதுகுத்து வீடியோவை முழுக்கப் பார்த்தாள். எழுதியதை அடிக்க வேண்டாம் என்று விட்டுவைக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா 30, அவன் 30. பாதிக்குப் பாதி. அவன் முதலில் கேட்டதும் இதுதான். ஒரு மாதத்தில் நானாகவே அங்கே வந்து சேர்ந்திருக்கிறேன். ஆனாலும் நான் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை.

அவன் இன்று ஒரே உற்சாகம். புதன்கிழமை ரேஷன் கடை வரிசையில் அம்மாவைப் பார்த்தானாம். தையல் எந்திர எண்ணெய் ஊறிய விரல், மெஷினில் ரேகை விழவில்லை. கடைக்காரர் "துடைச்சிட்டு வைம்மா" என்று கத்தியிருக்கிறார். கத்தினால் காது கேட்டுவிடும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் நம்பிக்கை. அம்மா ஒன்றும் விளங்காமல் நின்றிருக்கிறாள். இவன் முன்னால் போய்க் கையாலேயே சொல்லியிருக்கிறான்: விரலைத் துடை, மறுபடி வை, சர்க்கரை நாளைக்கு.

அம்மா துடைத்தாள், வைத்தாள், அரிசி வாங்கினாள்.

"உங்க அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக" என்று கையால் சொன்னான்.

இவ்வளவு படித்தவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது? அது ஊரில் பத்துப் பேர் பேசும் பேச்சு என்று நினைத்துவிட்டானா? அந்தப் பேச்சு தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். மூன்றாவதாக ஒருவன் வந்து நின்றால் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் ஆளா வேண்டும்?

அம்மா இன்று முப்பது நிமிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரேஷன் அரிசியில் கல் கிடக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 2, புதன்

உள்மதிப்பீட்டுத் தேர்வு. படுக்கைப் புண் தடுப்பு, பத்து மதிப்பெண். நன்றாக எழுதினேன்.

ஜூலை 6, ஞாயிறு

கேட்பாள், கேட்பாள் என்று காத்திருந்தேன். யார் அந்தப் பையன் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பொய், உண்மை இரண்டையும் தயாராக வைத்திருந்தேன்.

கேட்கவில்லை. சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, வார்டில் யாராவது திட்டினார்களா. இருபது நிமிடத்தில் 'எனக்கு வேலை இருக்கிறது' என்றாள். என்ன வேலை என்று கேட்பதற்குள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். கையால் பேசுகிறவர்களிடம் அதுதான் வாயை மூடுவது. கண்ணைத் திருப்பிவிட்டால் பேச்சு போய்ச் சேராது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு என்ன வேலை? கறிகூட ஒரு மணிக்கே முடிந்துவிடும்.

மீதி நாற்பது நிமிடமும் திருமேனி. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

அம்மா 15. அவளே முடித்துக்கொண்டாள். மெலிந்ததுபோல் இருக்கிறாள், அல்லது போனை அப்பா தள்ளிப் பிடித்திருந்தார்.

திருமேனி பெட்டி வாங்கிவிட்டானாம். கம்பளி வாங்கவில்லை, அங்கே போய் வாங்கிக்கொள்வானாம். "யோசிச்சியா?" என்றான். யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "ஏழு நாள்தான் இருக்கு." எனக்கும் எண்ணத் தெரியும் என்றேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டான்.

புறநோயாளிகள் பிரிவில் ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் நான். காலை பத்தரை மணி, கூட்டம் சந்தைபோல. மருந்து வாங்கும் வரிசையில், கையில் ஒரு வெற்றுச் சீட்டோடு நின்றிருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அறுபது எழுபது பேர். மேசைக்குப் பக்கத்தில் எங்கள் டியூட்டர்.

அவன் கையைத் தூக்கினான். 'சரியா, இல்லையா?'

நான் ஒரு அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பம்ப் செய்தேன், இறக்கினேன், நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு என்று எழுதினேன். பிறகு அவனைப் பார்த்து உள்ளங்கையைக் கீழே அமர்த்தினேன். பொறு.

'இன்னும் எவ்வளவு?'

'அம்மா' என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. டியூட்டர் திரும்பிவிட்டார்.

அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. என்னிடம் எதையோ சொல்ல வந்து விழுங்கியதுபோல. பிறகு எட்டு விரலையும், அடுத்துப் பத்து விரலையும் காட்டினான். 'ஆகஸ்ட் பத்து. அதுக்கு மேல முடியாது.' கடைசியாக நெஞ்சில் கையை வைத்து இரண்டு தடவை சுரண்டினான்.

"யாரும்மா அந்தப் பையன்? நெஞ்சு வலியோ என்னமோ, பாரும்மா" என்றார் என் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீங்க உப்பைக் கொறைங்க."

அவன் போய்விட்டான். சாப்பாட்டு இடைவேளையில் கழிப்பறைக்குள் போய் அழுதேன். பத்து நிமிடம்தான் இடைவேளை, அதனால் சீக்கிரம் முடித்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

நாலு மணிக்கு அவன் ரயிலில். விழுப்புரம் தாண்டியிருந்தான். படம் நாலைந்து நொடி ஓடும், பிறகு நிற்கும். கை பாதியில் நின்றால் அது வார்த்தை இல்லை, வெறும் கை. ஒன்பது நிமிடம் பார்த்தேன். என்ன சொல்ல வந்தான் என்று இன்னும் தெரியாது.

அம்மா 12.

ஜூலை 23, புதன்

ஜெபாவுக்குக் காய்ச்சல். கஞ்சி வாங்கிக் கொடுத்தேன். "நீ அவன வேண்டாம்னு சொல்லப் போறியா?" என்றாள். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். "நீ என்னைக்கோ முடிவு பண்ணிட்ட. எதுன்னுதான் ஒனக்குத் தெரியல" என்றாள். காய்ச்சல்காரி ஏதாவது உளறுவாள்.

ஜூலை 27, ஞாயிறு

அவன் விடுதி மலையடிவாரத்தில் இருக்கிறது. ஓயாத மழை. வீடியோ வரவே இல்லை. குரலால்தான் கூப்பிட்டான்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவன் குரலைக் கேட்கிறேன். அது இவ்வளவு கனமான குரல் என்பதே மறந்திருந்தது. ஆனால் நான் என்ன செய்வது? மேடம் ஐந்தடி தூரத்தில். அந்தப் பையனுக்குக் காது கேட்காது என்று சொன்னது நான். போன வாரம்கூட, "ஒன் சொந்தக்காரப் பையன் நல்லா இருக்கானா? காதுக்கு மெஷின் வைக்கலாம்ல?" என்று விசாரித்தார். இயர்போனைப் போட்டு, பாடம் கேட்பதுபோல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவன் பேசினான். சாப்பாட்டில் கடுகெண்ணெய் நாற்றம், அறையில் இரண்டு பேர், ஒருவனுக்கு இந்தியும் வராது இங்கிலீஷும் வராது, காட்டுக்குள் கூட்டிப்போனார்கள், அட்டை கடித்தது. நடுவில் நிறுத்தி நிறுத்தி, "லைன்ல இருக்கியா?" என்றான். நான் மைக்கை விரல் நகத்தால் ஒரு தடவை தட்டினேன். ஆமாம் என்று அர்த்தம். இருபத்தைந்து நிமிடம் இப்படி.

கடைசியில், "காளி, நான் செவுத்துகிட்டப் பேசுற மாதிரி இருக்கு" என்றான்.

தட்டினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அம்மா 6 நிமிடம். சாப்பிட்டாயா, எண்ணெய், வேலை இருக்கிறது. கண்ணைத் திருப்பிவிட்டாள்.

திருமேனிக்கு லைன் கிடைக்கவில்லை.

ஐந்து மணி வரை ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் நாற்பது பேர் தங்கள் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வார்டில் அந்தப் பாட்டையா இறந்துவிட்டார். புண் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டோம் என்று டியூட்டர் பாராட்டினார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முடிவு சொல்ல வேண்டிய நாள். போனை வாங்கியதும் முதலில் அவனுக்குத்தான் எழுதினேன். வாரம் முழுக்க மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்ததால் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

"வேண்டாம் திருமேனி. உன் மேல ஒரு குறையும் இல்ல. அம்மாவுக்குப் பேச என்ன விட்டா ஆள் இல்ல. அதுல பாதிய எடுத்து உனக்குக் குடுத்தேன். இப்ப அம்மா என்கிட்டப் பேசுறதே இல்ல. அத மொதல்ல சரி பண்ணணும். நீ நல்லாப் படி."

அனுப்பினேன். பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். இனி அறுபது நிமிடமும் உனக்குத்தான் என்று முகத்திலேயே தெரியும்படி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா எடுத்தார். "உங்கம்மா கம்பெனிக்குப் போயிருக்காத்தா. ஞாயித்துக்கெழமையும் வேலை போட்டுருக்காக போல. நாளைக்கு... இல்ல, அடுத்த வாரம் பேசு தாயி."

சரி, அடுத்த வாரம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவன் பதில் போன ஞாயிறு ராத்திரியே வந்திருக்கிறது. ஏழு நாளாக பீரோவுக்குள் கிடந்திருக்கிறது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"ஒண்ண மறைச்சுட்டேன் காளி. ரேஷன் கடையில அன்னைக்கு உங்க அம்மா என்னத் தனியாக் கூப்பிட்டாங்க. 'என் மக கூடப் பேசுற பையன் நீதானா'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். 'அவளுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு, நான் எடுத்துக்கிட்டா உங்களுக்குப் பத்தாது. நான் கொறைச்சுக்கிறேன், நீங்க பேசுங்க. அவகிட்டச் சொல்லாத, சொன்னா ஒத்துக்க மாட்டா'ன்னாங்க. சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில சொல்லிரலாம்னு பார்த்தேன், முடியல. உங்க அம்மா உன்மேல கோவமா இல்ல. அத மட்டும் தெரிஞ்சுக்க."

நாலு தடவை படித்தேன். பிறகு தவறுதலாக அவன் எண்ணில் கை பட்டுவிட்டது. எடுக்கவில்லை. மறுபடியும் பட்டது. மூன்றாவது தடவையும். கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது.

"வேண்டாம் காளி. நீ எடுத்த முடிவு சரிதான். மூணு மாசமாப் பதில் கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துப்போச்சு. இங்க லைனும் கெடைக்காது. விட்டுருவோம்."

அலுத்துப்போச்சு என்று எழுதியிருக்கிறான். நான் அலுக்க வைத்தேன்.

அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மா இன்றும் கம்பெனியில். "வேலை போட்டாகன்னு நெனச்சேன். மேனேசரு சொல்லுதாரு, அவளாத்தான் போய்க் கேட்டு வாங்கிருக்கா. எதுக்குன்னு கேட்டா என்னமோ கையை ஆட்டுறா. எனக்கு என்ன வெளங்குது? தலையாட்டி வச்சேன்."

எனக்கு விளங்கியது. வீட்டில் இருந்தால் போனைப் பார்க்க ஆசை வரும். அதனால் வீட்டில் இல்லாமல் இருக்கிறாள்.

இப்போது அவள் யாரோடும் பேசுவதில்லை. வாரத்தில் ஏழு நாளும். எனக்காக.

ஆகஸ்ட் 20, புதன்

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவன் இருந்தான், இப்போது இல்லை, நீ வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார். மூன்றே வாக்கியம். கையால் சொல்லிப் பார்த்தேன். ஜெபா பார்த்துக்கொண்டிருந்தாள். என்னடி சொல்ற என்று கேட்டாள். ரெக்கார்டு எழுத வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அப்பாவை முன்கூட்டியே கெஞ்சி வைத்திருந்தேன், ஜெபாவைப் பார்க்க விடுதிக்கு வந்த அவள் அண்ணன் மூலம் சொல்லி அனுப்பி. சரியாக நாலு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு கம்பெனி வாசலுக்கே போய்விட்டார். டீ நேரம். உள்ளே சொல்லி அனுப்பி அம்மாவைக் கூட்டிவந்தார்கள்.

தலையிலும் தோளிலும் நூல் பிசிறு. கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள். 'என்ன? உடம்புக்கு என்ன?'

'ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறேன்.'

'பிறகு ஏன் இங்கே கூப்பிட்டாய்? இது...' என்று நிறுத்தினாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவருக்கு விளங்காது என்று தெரிந்ததும் மெதுவாகக் கையைத் தூக்கி, கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டு, தலைக்கு மேலே உயரம் காட்டினாள். கண்ணாடி போட்ட நெட்டையன். அவளே அவனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். 'அவன் எங்கே? இது அவன் நேரம் அல்லவா?'

மூன்று வாக்கியமும் கையில் தயாராக இருந்தது. கையைத் தூக்கினேன்.

அப்போது அவள் சிரித்தாள். வெட்கப்பட்டுச் சிரித்தாள், தானே அகப்பட்டுக்கொண்டதுபோல. 'நல்ல பையன். என்னோடு பேசினான். கடையில், அத்தனை பேர் முன்னால், என்னோடு பேசினான்' என்றாள். அதை இரண்டு தடவை சொன்னாள். 'நீ இல்லாதபோது என்னோடு பேசியவன் அவன் ஒருவன்தான். விட்டுவிடாதே.'

அவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? நீ வாயைக் கட்டிக்கொண்டு இத்தனை வாரம் சேர்த்துக் கொடுத்ததை நான் தொலைத்துவிட்டேன் என்றா? உன்னோடு பேசிய அந்த ஒருவனையும் அனுப்பிவிட்டேன் என்றா?

'இருக்கிறான்' என்றேன். 'உன்னைப் பார்த்துவிட்டு அவனோடுதான் பேசப் போகிறேன்.'

'எவ்வளவு நேரம் பேசுவாய்?'

'ஐந்து மணி வரை.'

அவளுக்கு அப்படி ஒரு திருப்தி. உள்ளே மணி அடித்திருக்க வேண்டும், பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் திரும்பி நடந்தார்கள், அதைப் பார்த்து அவளும் கிளம்பினாள். 'பேசு, நிறையப் பேசு' என்று கையைக் காட்டிக்கொண்டே போனாள். அப்பா போனைத் தன் பக்கம் திருப்பி, "என்ன தாயி, உங்கம்மா சிரிக்கிறா? என்ன சொன்னா?" என்றார்.

"ஒண்ணும் இல்லப்பா. சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

மணி நாலு பதினொன்று. போனை உறைக்குள் போட்டு மேடத்திடம் கொடுத்தேன். "என்னம்மா, இன்னும் நேரம் இருக்கே? அந்தப் பையன்கிட்டப் பேசலையா?" என்றார்.

"பேசிட்டேன் மேடம்."

அறைக்கு வந்து நாளைய போஸ்டிங்குக்குச் சீருடையைத் தேய்த்து வைத்தேன். அடுத்த ஞாயிறும் டீ நேரத்துக்குக் கூப்பிட்டால் அம்மா அவனைப் பற்றிக் கேட்பாள். என்ன படிக்கிறான், மழை விட்டதா, என்ன சாப்பிடுகிறான் என்று எல்லாம் கேட்பாள். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இந்த வாரத்துக்கு என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும்.